சேலத்தில் ஏ.ஏ. மீட்டிங்: தேடிப் பிடிப்பது, உள்ளே போவது, விடாமல் போவது

குடியை விட நினைக்கிறவருக்கு ஏ.ஏ. மீட்டிங் நடக்கும் இடத்தைத் தெரிந்துகொள்வது அரை நாள் வேலைதான். இடம் தெரிந்தும் போகாமல் இருந்துவிடுவதும், ஒரு தடவை போய்விட்டு "நமக்கு ஒத்துவராது" என்று நின்றுவிடுவதும்தான் அதிகம். அதனால் முகவரிப் பட்டியல் எதுவும் இங்கே தரவில்லை. குழுக்கள் கூடும் அறையும் நேரமும் அடிக்கடி மாறும். பழைய பட்டியலை நம்பிப் போய், பூட்டிய கேட்டைப் பார்த்துவிட்டுத் திரும்புகிற ஆள் வரும் வழியில் டாஸ்மாக் திறந்திருக்கும். இரவு 10 மணி வரைக்கும் திறந்திருக்கும்.

ஏ.ஏ. என்றால் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ். 1935இல் அமெரிக்காவின் அக்ரான் நகரில் ஒரு பங்குத் தரகரும் ஓர் அறுவை மருத்துவரும், இரண்டு பேரும் குடிநோயாளிகள், ஒருவரையொருவர் குடிக்காமல் பார்த்துக்கொள்ள ஆரம்பித்தது. குடித்தவர்களே நடத்துவது. சந்தா, கட்டணம், உறுப்பினர் பதிவேடு எதுவும் கிடையாது. குடியை நிறுத்த வேண்டும் என்ற விருப்பம் இருந்தால் போதும், வேறு தகுதி கேட்க மாட்டார்கள்.

மீட்டிங்குக்கு முன்னால் டாக்டர் யாருக்கு

காலையில் எழுந்ததும் கை நடுங்குகிறதா? ஒரு கட்டிங் உள்ளே போனால்தான் நடுக்கம் அடங்குகிறதா? முன்பு நிறுத்தியபோது வலிப்பு வந்திருக்கிறதா? இதில் ஒன்றுக்கு "ஆமாம்" என்றாலும் வீட்டில் உட்கார்ந்து திடீரென்று நிறுத்தாதீர்கள். கடைசியாகக் குடித்து ஆறு மணி நேரத்திலிருந்து ஒரு நாளுக்குள் நடுக்கம், வியர்வை, தூக்கமின்மை தொடங்கும். வலிப்பு வருவதென்றால் பெரும்பாலும் முதல் இரண்டு நாளில் வரும். அதைவிட மோசமானது இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் வரும் குழப்ப நிலை: இல்லாத ஆளோடு பேசுவது, சுவரில் பூச்சி ஊர்வதாகச் சொல்வது, காய்ச்சல், படபடப்பு. இதைப் பேய் பிடித்தது என்று மந்திரிக்கக் கூட்டிப் போய் நேரத்தை வீணாக்குகிற வீடுகள் உண்டு. உயிர் போகும் ஆபத்து அது. 108ஐக் கூப்பிட வேண்டும்.

சேலத்தில் இதற்கு அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. காலையிலேயே போய் ஓ.பி. சீட்டு போட்டு மனநலப் பிரிவைக் கேளுங்கள். எவ்வளவு குடிக்கிறீர்கள், கடைசியாக எப்போது குடித்தீர்கள், வலிப்பு வந்ததுண்டா, இந்த மூன்றையும் குறைக்காமல் சொல்லுங்கள். "எப்பவாவது ஒரு குவாட்டருங்க டாக்டர்" என்று சொல்லிவிட்டு வந்தால், மாத்திரையின் அளவும் அந்தப் பொய்க்கு ஏற்றபடிதான் இருக்கும்.

பக்கத்து கிளினிக்கில் குளுக்கோஸ் பாட்டில் ஏற்றிக்கொள்வது நம் ஊர்ப் பழக்கம். நாள்பட்ட குடியில் உடம்பில் வைட்டமின் பி1 வற்றியிருக்கும். அந்த நிலையில் பி1 ஊசி போடாமல் குளுக்கோஸை மட்டும் ஏற்றினால் மூளையைப் பாதிக்கலாம். தயமின் என்பது அந்த பி1தான். "தயமின் போட்டுட்டீங்களா?" என்று கேட்பதில் தப்பே இல்லை.

உடம்பிலிருந்து சாராயத்தை இறக்குவது ஆஸ்பத்திரி வேலை. இறங்கிய பிறகு திரும்ப ஏறாமல் பார்த்துக்கொள்வதற்குத்தான் மீட்டிங். ஐயப்பனுக்கு மாலை போட்டு ஒரு மண்டலம், 48 நாள், சொட்டுக்கூடத் தொடாதவர் மாலையைக் கழற்றிய அன்றே கடைக்குப் போவதை எல்லாத் தெருவும் பார்த்திருக்கிறது. நிறுத்த அவருக்குத் தெரியும். 49ஆம் நாள் என்ன செய்வது என்றுதான் தெரியாது.

எங்கே விசாரிப்பது

முதலில் அதே மனநலப் பிரிவு. அங்குள்ள ஆலோசகர், சமூகப் பணியாளர் போன்றவர்களிடம் பெரும்பாலும் உள்ளூர் ஏ.ஏ. ஆட்களின் தொடர்பு இருக்கும். அடுத்து ஏ.ஏ. இந்தியாவின் இணையதளம், அதில் ஊர்வாரியாகத் தேடலாம். சேலம் என்று மட்டும் போடாமல் ஈரோடு, நாமக்கல், தருமபுரி என்றும் போட்டுப் பாருங்கள். சங்ககிரிக்காரருக்குச் சேலத்தைவிட ஈரோடு சௌகரியமாக இருக்கலாம். மூன்றாவது, தேவாலயங்கள். குழுக்கள் குறைந்த வாடகையில் அறை தேடும்போது சர்ச் ஹால், பள்ளி வகுப்பறை இவைதான் பெரும்பாலும் கிடைக்கின்றன. அறை சர்ச்சுடையது, அவ்வளவுதான். குழுவுக்கும் மதத்துக்கும் சம்பந்தமில்லை.

போனிலேயே கேட்க வேண்டுமென்றால் 14446, போதை மீட்புக்கான தேசிய இலவச எண். 14416 டெலி மானஸ், மனநல ஆலோசனைக்கு. 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். 104 தமிழக அரசின் மருத்துவ ஆலோசனை எண்.

கூகுளில் தேடுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். "சேலம் குடி மறுவாழ்வு" என்று அடித்தால் முதலில் வந்து நிற்பது தனியார் மறுவாழ்வு மையங்களின் விளம்பரம். அவற்றில் நல்லதும் உண்டு, ஆளை அடைத்துவைத்து அடிக்கிற இடமும் உண்டு. ஏ.ஏ. யாரையும் தங்கவைப்பதில்லை, வேன் அனுப்பி ஆளைத் தூக்குவதில்லை, அட்வான்ஸ் கேட்பதில்லை. போன் எடுத்தவர் முதல் இரண்டு நிமிடத்தில் மாதக் கட்டணத்தைச் சொன்னால் நீங்கள் கூப்பிட்டது ஏ.ஏ.வை அல்ல. மையம்தான் வேண்டுமென்றால் மாநில மனநல ஆணையத்தின் பதிவு இருக்கிறதா என்று கேளுங்கள், சான்றிதழைக் கண்ணால் பாருங்கள். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டப்படி நோயாளியைச் சங்கிலியில் கட்டுவது குற்றம்.

அந்த போன்

எண்ணை வாங்கி நான்கு நாள் சட்டைப் பையில் வைத்திருப்பார்கள். என்ன சொல்வது என்று தெரியாததுதான் காரணம். இவ்வளவு போதும்:

"வணக்கங்க. ஏ.ஏ. மீட்டிங் பத்தி விசாரிக்கணும். எனக்குத்தான். இந்த வாரம் சேலத்துல எங்க நடக்குதுங்க?"

பெயர் சொல்ல வேண்டியதில்லை. "எனக்குத்தான்" என்ற சொல்லை மட்டும் விட்டுவிடாதீர்கள். "ஃப்ரெண்டு ஒருத்தருக்கு" என்று ஆரம்பித்தால் அந்த ஃப்ரெண்டைப் பற்றியே பத்து நிமிடம் போய்விடும். எதிர்முனையில் இருப்பவரும் ஒரு காலத்தில் இதே போனைப் போட்டவர்தான், அதிர்ச்சியெல்லாம் அடைய மாட்டார். உறுப்பினர்கள் வேலைவெட்டி பார்க்கிறவர்கள் என்பதால் பகலில் எடுக்காமல் போகலாம். மாலை ஏழுக்கு மேல் ஒரு தடவை போட்டுப் பாருங்கள், வாட்ஸப்பில் ஒரு வரி அனுப்பிவையுங்கள்.

இடம், நாள், நேரத்தோடு இன்னும் நான்கு கேள்விகள் உண்டு. ஓப்பன் மீட்டிங்கா, க்ளோஸ்டு மீட்டிங்கா? ஓப்பன் என்றால் மனைவி, அண்ணன், டாக்டர் யாரும் வந்து உட்காரலாம். க்ளோஸ்டு குடிப்பிரச்சினை உள்ளவர்களுக்கு மட்டும். தமிழில் நடக்கிறதா? எந்தப் பக்கத்துக் கதவு, எந்த மாடி? (ஹால் பெரியது, மீட்டிங் பின்பக்கத்து அறையில் நடக்கும், வாசலில் போர்டு இருக்காது. கேட்காமல் போனால் பதினைந்து நிமிடம் சுற்றிவிட்டுத் திரும்பிவிடுவீர்கள்.) நான்காவது: "வாசல்ல யாராவது நிக்க முடியுங்களா?" இதைக் கேட்கத் தயங்காதீர்கள். குடியிலிருந்து மீள ஏ.ஏ. வகுத்திருக்கும் வழிமுறை பன்னிரண்டு படிகள். புதியவரை அழைத்துப் போவது அதில் பன்னிரண்டாம் படியிலேயே வருகிற வேலை. வரவே முடியாத நிலையில் இருந்தால் இரண்டு பேர் சேர்ந்து வீட்டுக்கே வந்து பேசுவதும் உண்டு.

கிளம்பும் அன்று மத்தியானம் ஒரு முறை கூப்பிட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். பண்டிகை, தேர்தல், ஹாலில் கல்யாணம் என்று எதுவானாலும் அறை கைமாறும்.

எந்த மீட்டிங்கைத் தேர்ந்தெடுப்பது

நல்ல மீட்டிங் எது என்று தேடாதீர்கள். அடுத்த வாரமும் போக முடிகிற மீட்டிங் எது என்று பாருங்கள். நீங்கள் வழக்கமாக எந்த நாள், எந்த நேரம் குடிக்கிறீர்களோ அந்த நேரத்தை அடைக்கிற மீட்டிங் இருந்தால் அதுவே முதல் தேர்வு. சனிக்கிழமை கூலி வாங்குகிற வெள்ளிப் பட்டறைக்காரருக்கும் தறிக்காரருக்கும் சனி சாயங்காலம்தான் கண்டம். செவ்வாய்க்கிழமை மீட்டிங்கைவிட அவருக்குச் சனிக்கிழமை மீட்டிங் இரண்டு மடங்கு உதவும். இரும்பாலை மாதிரி ஷிப்டில் போகிறவர் ஒரே குழுவை நம்பினால் மூன்று வாரத்தில் ஒரு வாரம் தவறும். அவர் இரண்டு குழுக்களைக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும், அதில் ஒன்று ஆன்லைனாக இருந்தாலும் சரி.

போகிற வழியைவிடத் திரும்புகிற வழி முக்கியம். மீட்டிங் முடிந்து புதிய பஸ் நிலையத்தில் முக்கால் மணி நேரம் பஸ்ஸுக்கு நிற்கிற மாதிரி இருந்தால் அந்த முக்கால் மணி நேரத்துக்கு ஒரு திட்டம் வேண்டும். கூட ஒருவர் இருந்தால் அதுவே திட்டம். பழைய கூட்டாளிகள் நிற்கிற முக்கு வழியில் வந்தால், வீட்டுக்கு இரண்டு கிலோமீட்டர் சுற்று என்றாலும் மாற்று ரோட்டில் போங்கள்.

தெரிந்தவர் யாராவது பார்த்துவிடுவார்களோ என்று அம்மாபேட்டைக்காரர் சூரமங்கலம் பக்கம் மீட்டிங் தேடுவது சகஜம். தேடட்டும். ஆனால் ஒன்று: அந்த அறைக்குள் உங்களைப் பார்க்கிறவரும் அதே காரணத்துக்காகத்தான் வந்திருக்கிறார். நீங்கள் குடித்தது தெருவுக்கு முன்பே தெரியும்.

உள்ளே என்ன நடக்கும்

ஒன்றிலிருந்து ஒன்றரை மணி நேரம். கால் மணி நேரம் முன்னால் போனால் டீ கிடைக்கும், முகம் பழகும். தாமதமாகப் போனால் எல்லோரும் திரும்பிப் பார்ப்பது போல இருக்கும். பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒரு மேசை, சுவரில் பன்னிரண்டு படிகளும், குழுக்கள் நடந்துகொள்ள வேண்டிய முறையைச் சொல்லும் பன்னிரண்டு மரபுகளும் எழுதிய துணி பேனர். சில நிமிட மௌனம், மாற்ற முடியாததை ஏற்கும் மனம் கேட்கும் ஒரு சிறு பிரார்த்தனை, ஏ.ஏ. என்றால் என்ன என்ற ஒரு பத்தி வாசிப்பு. அதன் பிறகு அன்றைக்குத் தலைமை ஏற்றவர் பேசுவார். அவர் பதவியில் இருப்பவர் இல்லை, முறை வைத்து மாறுவார்கள்.

பிறகு பகிர்வு. "என் பேரு இன்னார், நான் ஒரு குடிநோயாளி" என்று தொடங்கி ஐந்து, பத்து நிமிடம் பேசுவார்கள். மற்றவர்கள் குறுக்கே பேச மாட்டார்கள், அறிவுரை சொல்ல மாட்டார்கள், கேள்வி கேட்க மாட்டார்கள். வீட்டில் எந்நேரமும் அறிவுரையே கேட்டவருக்கு இது முதலில் விநோதமாகக்கூட இருக்கும். உங்கள் முறை வந்தால் "இன்னிக்கு நான் கேட்டுக்கறேங்க" என்றால் போதும், அடுத்தவரிடம் போய்விடும். குடிநோயாளி என்ற சொல் வாயில் வரவில்லையென்றால் பெயரை மட்டும் சொல்லலாம், வேறு பெயரும் சொல்லலாம். ஜாதி, ஊர், வேலை யாரும் கேட்கக் கூடாது.

ஒரு பை அல்லது டப்பா சுற்றி வரும். வாடகைக்கும் டீக்கும் அது. பத்து ரூபாய் போடுகிறவரும் உண்டு, போடாமல் கைமாற்றுகிறவரும் உண்டு. முதல் தடவை வருபவர் போடவே வேண்டாம். வெளியாரிடம் நன்கொடை வாங்குவதில்லை என்பது ஏழாம் மரபு. முதலாளி ஒருவர் லட்ச ரூபாய் நீட்டினாலும் வாங்க மாட்டார்கள். போட்டோ எடுக்கக் கூடாது, அங்கே யாரைப் பார்த்தோம், என்ன கேட்டோம் என்பது வெளியே போகக் கூடாது.

குடித்துவிட்டு வரலாமா? வரலாம். பெரும்பாலான குழுக்கள் உட்காரச் சொல்லும், பேச மட்டும் விடாது. வண்டியை வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள்.

முடிந்ததும் வேகமாகக் கிளம்பிவிடாதீர்கள். மீட்டிங்கின் பாதிப் பலன் அந்தக் கடைசிப் பத்து நிமிடத்தில் இருக்கிறது. குறைந்தது மூன்று பேரின் போன் நம்பரை வாங்குங்கள். ஆண்கள் ஆண்களிடம், பெண்கள் பெண்களிடம். அன்று இரவே ஒருவருக்குச் சும்மா போன் போட்டு "வீடு வந்து சேந்துட்டேங்க" என்று சொல்லுங்கள். குடிக்கத் தோன்றும் நேரத்தில் முதல் போனைப் போடுவது யாருக்கும் வராது. முன்பே நாலு தடவை பேசிப் பழகியிருந்தால் விரல் தானாகப் போகும்.

எங்கே சறுக்கும்

ஒரே மீட்டிங்கை வைத்து முடிவு கட்டுவதுதான் முதல் சறுக்கல். அன்றைக்குப் பேசியவர் பழம்பெருமை பேசியிருக்கலாம், அறை புழுங்கியிருக்கலாம். ஆறு மீட்டிங்காவது, முடிந்தால் இரண்டு வெவ்வேறு குழுக்களில், உட்கார்ந்து பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். 90 நாளில் 90 மீட்டிங் என்று அமெரிக்காவில் ஒரு பழக்கம் உண்டு. தினமும் கூடுகிற குழு பக்கத்தில் இல்லாதவர் வாரம் இரண்டு நேரில், மற்ற நாளில் தமிழ் ஆன்லைன் மீட்டிங் என்று கலந்துகொள்ளலாம்.

அடுத்தது, "அவர் அளவுக்கு நான் குடிக்கலையே" என்ற ஒப்பீடு. நிலத்தை விற்றவர், லிவர் போனவர் கதையைக் கேட்டு மனம் ஆறுதல் அடைகிறது. ஆறுதல் முற்றினால் கடைக்குப் போகிறது. அளவை விடுங்கள். அவர் சொன்ன பொய்களில் எது உங்கள் வீட்டிலும் சொல்லப்பட்டது என்று மட்டும் கேளுங்கள்.

பணம். மீட்டிங் ஆளிடம் கடன் வாங்காதீர்கள், கொடுக்காதீர்கள், சீட்டில் சேராதீர்கள். சேலத்தில் இதைத் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும். தவணை தவறியவர் தவணைக்காக முகம் மறைப்பார், அதோடு மீட்டிங்கும் போச்சு.

மருந்து. டாக்டர் கொடுத்த மாத்திரையை உறுப்பினர் ஒருவர் "அதெல்லாம் தேவையில்ல தம்பி" என்றார் என்பதற்காக நிறுத்தக் கூடாது. டைசல்பிராம் என்ற மாத்திரை, அதன் மேல் குடித்தால் உடம்பைப் படுத்தி எடுக்கும். அதைச் சாப்பிடுகிறவர் அரிஷ்டங்கள், டிங்சர், சில இருமல் மருந்துகளையும் தவிர்க்க வேண்டும். தசமூலாரிஷ்டம், அசோகாரிஷ்டம் இரண்டிலும் புளிப்பில் உண்டாகும் ஆல்கஹால் இருக்கிறது. மாத்திரையை நிறுத்தினாலும் இரண்டு வாரம் வரை குடித்தால் எதிர்வினை வரலாம். இதைச் சாம்பாரில் கலந்து தெரியாமல் கொடுக்கிற வீடுகளுக்கு: அவர் அன்றைக்குக் குடித்தால் ரத்த அழுத்தம் சடாரென்று இறங்கி ஆளே போய்விடலாம். செய்யாதீர்கள்.

கடவுள் என்ற சொல் சிலருக்கு முள். படிகளில் வருவது "நாம் அறிந்துகொண்ட வகையில் கடவுள்" என்பதுதான். பெரியார் பாசறையில் வளர்ந்தவர் அந்தக் குழுவையே தன்னைவிடப் பெரிய சக்தியாக வைத்துக்கொள்ளலாம். பலர் அப்படித்தான் வைத்திருக்கிறார்கள்.

ஆடி மாதம் கோட்டை மாரியம்மன் திருவிழா, தீபாவளி, மச்சான் வீட்டுக் காதுகுத்து: இந்த மூன்றுக்கும் தேதி முன்பே தெரியும் என்பதால் முன்னாலேயே ஏற்பாடு செய்யலாம். காலையில் மீட்டிங் அல்லது ஒரு போன், பந்தியில் சாப்பாடு, சரக்கு இறங்கும் முன் கிளம்புவது. காந்தி ஜெயந்திக்குக் கடை மூடியிருக்கும் என்று தைரியமாக இருக்க வேண்டாம். அக்டோபர் 1ஆம் தேதி சாயங்காலம் கடை வரிசையைப் பார்த்தவர்களுக்குக் காரணம் தெரியும்.

சறுக்கிவிட்டால் நாள் கணக்கு ஒன்றிலிருந்து தொடங்கும், அவ்வளவுதான். அடுத்த மீட்டிங்கில் "போன வாரம் குடிச்சுட்டேங்க" என்று சொன்னால் யாரும் திட்ட மாட்டார்கள். ஆனால் பல நாள் தொடர்ந்து குடித்திருந்தால் மீண்டும் மேலே சொன்ன டாக்டர் கதைதான், தானாக நிறுத்தாதீர்கள்.

வீட்டில் இருப்பவர்களுக்கு

குடும்பத்தாருக்கு அல்-அனான் என்று தனி அமைப்பு 1951 முதல் இருக்கிறது. அவர் வந்தாலும் வராவிட்டாலும் நீங்கள் போகலாம். அவரைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஏ.ஏ.வுக்கு வர வேண்டாம். முதல் ஓப்பன் மீட்டிங்குக்குக் கூட வாருங்கள், பிறகு வாசலோடு நின்றுகொள்ளுங்கள். "என்ன பேசினாங்க?" என்று கேட்காதீர்கள். அடி, மிரட்டல் இருந்தால் 181 பெண்கள் உதவி எண், மீட்டிங் பலன் தரும் வரை காத்திருக்க வேண்டியதில்லை.

ஏற்காட்டில் இருப்பவர்கள்

மலையில் கணக்கே வேறு. சேலத்திலிருந்து சுமார் 30 கிலோமீட்டர், 20 கொண்டை ஊசி வளைவு. சாயங்கால மீட்டிங்குக்கு இறங்கினால் திரும்ப மேலே போகக் கடைசிப் பஸ்ஸைப் பிடிக்க ஓட வேண்டும். பனி இறங்கிய இரவில் பைக்கில் ஏறுவது வேண்டாத வம்பு. ஞாயிறு பகல் மீட்டிங் இருந்தால் அதற்கு இறங்குங்கள், சாமான் வாங்கும் வேலையையும் அதே பயணத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். மற்ற நாளில் ஆன்லைன். எஸ்டேட்டுக்குள் சிக்னல் விட்டுவிட்டு வரும். வீடியோவை அணைத்துவிட்டுக் குரல் மட்டும் வைத்தால் பெரும்பாலும் தாங்கும். எந்த மேட்டில் சிக்னல் நிற்கிறது என்பதை மீட்டிங்குக்கு முன்பே பார்த்துவைத்து, ஹெட்போனோடு அங்கே போய் உட்காருங்கள்.

வாழவந்தி, நாகலூர் பக்கம் இன்னொருவர் குடியை நிறுத்த நினைப்பது தெரிந்தால் வேறு வழியும் இருக்கிறது. ஏ.ஏ.வின் மூன்றாம் மரபுப்படி, குடியை விடுவதற்காக இரண்டு மூன்று குடிநோயாளிகள் சேர்ந்து உட்கார்ந்தாலே அதைக் குழு என்று சொல்லிக்கொள்ளலாம்; வேறு எந்த அமைப்போடும் கட்சியோடும் குழுவை இணைக்கக் கூடாது என்பது ஒன்றுதான் நிபந்தனை. சேலம் குழுவிடம் சொன்னால் தமிழ்ப் புத்தகங்கள் எங்கே வாங்குவது என்று சொல்வார்கள். முதல் சில வாரம் ஒருவர் மேலே வந்து நடத்திக் காட்டவும் கேட்கலாம். வாரத்தில் ஒரு நாள், ஒரே நேரம் என்று வைத்துக்கொண்டு மாற்றவே மாற்றாதீர்கள். சாவியை இரண்டு பேர் வைத்திருக்க வேண்டும், ஏனென்றால் ஒருவர் மட்டும் வைத்திருந்தால் அவர் சறுக்குகிற வாரம் அறையும் திறக்காது.